கையும் காலும் தாளம் பழகுவது எப்படி: புதியவர்களுக்கான பயிற்சி முறை

தனக்குத் தாளம் வராது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கவனிப்பது அவர்களுடைய எண்ணிக்கையை அன்று. ஒன்று முதல் எட்டு வரை எண்ணத் தெரியாதவர் எவரும் இல்லை. எட்டையும் ஒழுங்காக எண்ணிக்கொண்டே தாளத்தைத் தப்பவிடுகிறவர்கள்தாம் பெரும்பாலோர். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஓர் இடைவெளி, நான்குக்கும் ஐந்துக்கும் இடையே அதைவிடக் குறுகிய வேறோர் இடைவெளி என்று போகும்போது, எண்கள் சரியாக இருக்கும், காலம் மட்டும் பிசகிப்போகும். தாளத்தில் காப்பாற்ற வேண்டியது தட்டை அன்று, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தை. அந்த நேரத்தில் ஓசை ஒன்றும் இல்லை. கை மேலே எழுவதும் கால் மேலே எழுவதும்தான் அங்கே நடக்கின்றன. ஆகவே ஓசையற்ற அந்தப் பகுதியை உடம்பின் அசைவைக் கொண்டே அளக்க வேண்டியிருக்கிறது. கீழே வரும் பயிற்சிகள் எல்லாம் இந்த ஒன்றைப் பழக்குவதற்காகவே அமைந்தவை.

கர்நாடக இசை கேட்கத் தொடங்கியிருப்பவர், வயது வந்தபின் பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்தவர், குழந்தையை வகுப்புக்கு அழைத்து வந்து வாசலில் காத்திருந்தே ஆர்வம் பிறந்தவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை. நாள்தோறும் 15 அல்லது 20 நிமிடம், கைபேசியில் ஒரு மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் ஒலி எழுப்பும்) செயலி, வெறுங்காலுடன் நடக்கச் சற்று இடம் ஆகியவை போதும். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது நின்றுவிட்டு அடுத்த படிக்குப் போவது நல்லது. ஏழு படிகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கைவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சிறு செய்தி. பழந்தமிழில் தாளத்துக்குப் பாணி என்று பெயர். அதன் உறுப்புகளாகச் சிலப்பதிகார உரையில் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்னும் நான்கு சொல்லப்படுகின்றன. அவை முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை பெறும். கொட்டுதல் என்பதும் அசைதல் என்பதும் தூக்குதல் என்பதும் உடம்பு செய்யும் வேலைகள் என்பதைப் பாருங்கள். கை என்ன செய்கிறதோ அதுவே கால அளவின் பெயராக நின்றிருக்கிறது. அதிலும் தட்டுகிற கொட்டுக்கு அரை மாத்திரையும், தட்டிவிட்டு மேலே எடுக்கிற தூக்குக்கு இரண்டு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் படி: நடந்து பார்த்தல்

உங்களிடம் ஏற்கெனவே ஒரு தாளம் இருக்கிறது. அது உங்கள் நடை. அவசரமில்லாமல் நடக்கும் பெரியவர் ஒருவர் பொதுவாக நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வரை வைக்கிறார். முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வெறுங்காலுடன் இயல்பாக நடந்துகொண்டே, அரை நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி இரட்டித்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணையே மெட்ரோனோமில் வைத்து, அந்த ஒலியோடு இரண்டு நிமிடம் நடங்கள். பிறர் வகுத்த வேகத்துக்கு உங்களை இழுக்காமல், உங்கள் வேகத்துக்கு இயந்திரத்தை இழுப்பதால் இந்தப் பயிற்சி முதல் நாளிலேயே பெரும்பாலோருக்குக் கைகூடிவிடும்.

அடுத்து, செயலியின் ஓட்டத்தை நிறுத்தாமல் ஒலியளவை மட்டும் முழுதும் குறைத்துவிட்டு 16 அடி நடந்து, மீண்டும் ஒலியைக் கூட்டிப் பாருங்கள். கால் ஊன்றும் இடத்திலேயே ஒலியும் விழுந்தால், நீங்கள் ஒலியைப் பின்தொடரவில்லை, நீங்களாகவே காலத்தை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். விழாவிட்டால் கவலை வேண்டாம்; எட்டடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு காரணம் உண்டு. ஓர் ஒலியைக் கேட்டபின் கையை அசைக்கத் தொடங்கினால், அந்த அசைவு முடிய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். தாளத்தில் அது அப்பட்டமான பிந்தல். அப்படியானால் சரியாகத் தட்டுகிறவர் ஒலி வருவதற்கு முன்பே புறப்பட்டிருக்க வேண்டும். சோதனைகளில் அளந்து பார்த்தபோது, ஒலியோடு சேர்த்துத் தட்டச் சொன்னால் மனிதர்கள் தம்மை அறியாமலே ஒலிக்குச் சற்று முன்னதாகவே தட்டுவது தெரியவந்தது. அசையாமல் உட்கார்ந்து கேட்கும்போதுகூட, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் தாளத்துக்கு இயங்குகின்றன என்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறும் சிலருக்குச் சீரான தாள ஒலியைக் கேட்கச் செய்து நடைப்பயிற்சி கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் தாளத்தைப் பற்றிக்கொண்டு கால் முன்னே செல்கிறது. வலை இழுத்தவர்களும் ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாட்டில்லாமல் வேலை செய்யாததற்குப் பொழுதுபோக்கு மட்டும் காரணமன்று. பத்துப் பேர் ஒரே கயிற்றை ஒரே நொடியில் இழுக்க வேண்டுமானால், அந்த நொடி எப்போது வரும் என்பது பத்துப் பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் படியின் கடைசிப் பகுதியாக, நடந்துகொண்டே வலக்கால் ஊன்றும்போது மட்டும் வலக்கையால் தொடையில் தட்டுங்கள். நிமிடத்துக்கு 110 அடி நடக்கிறவரானால் கை 55 முறை விழும். உட்கார்ந்து தாளம் போடத் தொடங்குவதற்கு அது ஏற்ற வேகம்.

இரண்டாம் படி: கையை எடுத்தல்

சம்மணமிட்டோ, முதுகு சாயாமல் நாற்காலியிலோ உட்கார்ந்து, வலது உள்ளங்கையால் வலத்தொடையில் மெட்ரோனோமோடு தட்டுங்கள்; வேகம் 55 அல்லது 60. இங்கே தட்டுவதில் ஒரு வித்தையும் இல்லை. கவனிக்க வேண்டியது கை எழும் விதம். தொடையில் பட்ட கை அங்கேயே படுத்துக்கிடந்துவிட்டு, அடுத்த ஒலி நெருங்கும்போது அவசரமாக எழுந்து விழுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்கிற பிழை. அப்படிச் செய்யும்போது நடுவில் உள்ள நேரம் முழுவதும் அளக்கப்படாமல் போகிறது. அவசரமாக எழுந்த கை சில முறை முந்தும், சில முறை பிந்தும்.

பட்ட உடனே கை எழட்டும். ஏறத்தாழ ஒரு சாண் உயரம் எழுந்து, அதே நேரத்தில் இறங்கட்டும். எழுவதற்கு அரைப்பங்கு, இறங்குவதற்கு அரைப்பங்கு; கை உச்சியில் இருக்கும் கணமே இரண்டு தட்டுகளுக்கும் நடுப்புள்ளி. இந்த உச்சியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மூன்று இடங்களில் இது வேலைக்கு வரும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாளத்தைக் காதால் பார்ப்பதில்லை. மாணவர் தட்டும்போது அவர் பார்வை முழங்கையின் மேலேயே இருக்கும். தட்டின் ஓசை கேட்பதற்கு முன்பே, எழுகிற கையைப் பார்த்து "ஓடுகிறாய்" என்று சொல்லிவிடுவார். அது மந்திரமன்று என்பது நானே பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. முன்னதைவிட வேகமாக எழுகிற கை வேகமாகத்தான் விழும்.

சீராக வந்தபின் வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 50, பிறகு 45, பிறகு 40. நிமிடத்துக்கு 40 என்றால் இரண்டு தட்டுகளுக்கு இடையே ஒன்றரை விநாடி. இடைவெளி இரண்டு விநாடியை நெருங்கும்போது மனம் அவற்றை ஒரு தொடராகப் பிடித்துவைக்கத் திணறும். ஒவ்வொரு தட்டும் தனித்தனி நிகழ்ச்சியாக உதிர்ந்துபோகும். சௌக்க காலம், அதாவது மிக மெதுவான வேகம், கடினம் என்று பாடகர்கள் சொல்வதன் காரணம் இதுதான். எழுச்சியும் இறக்கமும் ஒழுங்காக இருந்தால் ஒன்றரை விநாடி இரண்டு முக்கால் விநாடிகளாகப் பிரிந்து கைக்கு அடங்கிவிடும்.

மூன்றாம் படி: ஆதி தாளம்

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. இலக்கணப்படி அது சதுஸ்ர ஜாதித் திரிபுட தாளம். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு லகுவும் இரண்டிரண்டு எண்ணிக்கை கொண்ட இரு திருதங்களும் அதன் அங்கங்கள். கையால் போடும்போது முதலில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று விரல் எண்ணிக்கை. இத்துடன் லகு முடிகிறது. அதன்பின் ஒரு தட்டும் ஒரு வீச்சும், மறுபடி ஒரு தட்டும் ஒரு வீச்சும். வீச்சு என்பது உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைப் புரட்டிவிடுவது. எட்டும் முடிந்தால் ஓர் ஆவர்த்தனம்; நிமிடத்துக்கு 60 என்ற வேகத்தில் அதற்கு எட்டு விநாடி ஆகும்.

இங்கே பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் தவறுவார்கள்: விரல் எண்ணும்போது ஓடுவார்கள், வீச்சில் நின்றுவிடுவார்கள். காரணம் எளிது. தட்டுக்குக் கை ஒரு சாண் பயணம் செய்கிறது. விரல் எண்ணிக்கைக்கு விரல் ஓரங்குலம்தான் பயணம் செய்கிறது. பயணம் குறைந்தால் நேரமும் குறைந்துவிடுகிறது. வீச்சில் கை சுழன்று போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் நேரம் நீள்கிறது. ஆகவே பழகும் காலத்தில் விரலை மட்டும் அசைக்காமல், தட்டுக்கு எழுந்த அதே உயரத்துக்கு முன்கையையும் சேர்த்து எடுத்து விரலை வையுங்கள்; வீச்சைச் சிறிதாக்குங்கள். எட்டு அசைவுகளுக்கும் ஒரே அளவு பயணம் என்று வைத்துக்கொண்டால் ஓட்டமும் தேக்கமும் தாமாகவே குறையும். அரங்கில் முன்வரிசையில் அமர்ந்து தாளம் போடுகிற பழகிய ரசிகரின் கை அடக்கமாக அசைவதைப் பார்த்து முதல் மாதத்திலேயே அதைப் பின்பற்ற வேண்டாம். பெரிய அசைவு உள்ளே பதிந்த பிறகுதான் சிறிய அசைவு நம்பகமாகும்.

மற்றத் தாளங்களைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும். ரூபகத்தை நடைமுறையில் இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாகப் போடுவார்கள். மிஸ்ர சாபு ஏழு. அதன் உள்ளடக்கம் மூன்றும் நான்கும். கண்ட சாபு ஐந்து, இரண்டும் மூன்றும். ஏழு அடிப்படைத் தாளங்களும், லகுவுக்கு எத்தனை எண்ணிக்கை என்று சொல்லும் ஐந்து ஜாதிகளும் சேர்ந்து 35 தாளங்கள் ஆகின்றன என்ற பட்டியலைப் புத்தகத்தில் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கச்சேரியில் கேட்கும் உருப்படிகளில் மிகப் பலவற்றுக்கு ஆதியும் ரூபகமும் இரண்டு சாபுகளும் போதும்.

நான்காம் படி: நாக்கைச் சேர்த்தல்

கை எட்டையும் சீராகப் போடும்போது வாயால் சொற்கட்டு, அதாவது தாளத்துக்கான பொருளற்ற அசைச்சொற்கள், சொல்லத் தொடங்குங்கள். முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஓரெழுத்து வீதம் தகதிமி தகதிமி என்று ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எழுத்து வரும். இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு, ஆக 16. மூன்றாம் காலத்தில் நான்கு, ஆக 32. மூன்று காலத்திலும் கையின் வேகம் ஒன்றே. சொல்வதற்கு எளிதாக இருக்கிற இது செய்வதற்கு எளிதன்று. நாக்கு இரட்டித்தவுடன் கையும் கூடவே இரட்டிக்கப் பார்க்கும், அல்லது கையைப் பிடித்து நிறுத்த முயலும்போது நாக்கு தடுமாறும். வேகத்தை 50க்குக் குறைத்து, முதல் காலம் நான்கு ஆவர்த்தனம், இரண்டாம் காலம் நான்கு ஆவர்த்தனம் என்று மாறி மாறிச் சொல்லிப் பழகுங்கள்.

கை உச்சியைப் பற்றிச் சொன்னது இங்கே முதன்முறையாக வேலைக்கு வருகிறது. இரண்டாம் காலத்தில் த என்பது தட்டில் விழும். க என்பது கை உச்சியில் இருக்கும்போது வரும். மூன்றாம் காலத்தில் தகதிமி முழுவதும் ஓர் எண்ணிக்கைக்குள் அடங்கும்போது, உச்சியில் வருவது தி. கை எங்கே இருக்கிறதோ அங்கே எந்த எழுத்து என்று தெரிந்துவிட்டால், நாக்கும் கையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு நடையை, அதாவது ஓர் எண்ணிக்கைக்குள் வரும் எழுத்துகளின் தொகையை, மாற்றுங்கள். எண்ணிக்கைக்கு நான்கு எழுத்து வந்த இடத்தில் தகிட என்று மூன்று எழுத்து வரட்டும். இது திஸ்ர நடை. ஓர் ஆவர்த்தனத்துக்கு 24 எழுத்து. கை மாறாது. நான்கைவிட மூன்று சிறிய எண் என்பதால் இது எளிதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் முதலில் பலருக்கு இதில்தான் கை இடறும். மூன்று எழுத்துகளும் சம இடைவெளியில் வர வேண்டுமானால், கை உச்சியை அடையும் கணத்தில் எந்த எழுத்தும் வராது. கி சற்று முன்னதாகவும் ட சற்றுப் பின்னதாகவும் வரும். உச்சியில் ஓர் எழுத்தை வைத்துப் பழகிய நாக்கு அங்கே எதையாவது வைக்கத் துடித்துத் த-கி-ட என்பதைத் தக்-கிட என்று ஒடித்துவிடுகிறது. ஒடிந்த தகிட காதுக்குத் தகதிமி போலவே கேட்கும்.

இதைச் சரிசெய்ய எழுந்து நடப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. எழுத்துக்கு ஓர் அடியாக வையுங்கள். தகதிமி என்று சொல்லி நடந்தால் ஒவ்வொரு முறையும் த என்பது வலக்காலில்தான் விழும். தகிட என்று சொல்லி நடந்தால் முதல் த வலக்காலிலும் அடுத்த த இடக்காலிலும் அதற்கடுத்தது மறுபடி வலக்காலிலும் விழும். த வரும்போது சற்று அழுத்தி ஊன்றினால், நான்கில் உடம்பு ஒரே பக்கமாக அழுந்துவதும், மூன்றில் இருபுறமும் மாறி மாறிச் சாய்வதும் உடனே தெரியும். ஊஞ்சல் போன்ற அந்தச் சாய்வே திஸ்ரத்தின் உருவம். கண்ட நடையான தகதகிட ஐந்தும் மிஸ்ர நடையான தகிடதகதிமி ஏழும் ஒற்றைப்படை எண்கள் ஆதலால் அவற்றிலும் கால் மாறும். ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே தக, தகிட, தகதிமி என்று வேறுவேறாகப் பிரிவதால் சாய்வின் தன்மை வேறாக இருக்கும். பத்து நிமிடம் நடந்துவிட்டு உட்கார்ந்து தாளம் போட்டால், ஒடிந்த தகிட பெரும்பாலும் நேராகியிருக்கும்.

ஐந்தாம் படி: காலால் தட்டுதல்

பரதநாட்டியத்தின் முதல் பாடமான தட்டடவை, நாட்டியம் கற்கும் எண்ணம் இல்லாதவரும் தாளப் பயிற்சிக்காகப் பழகலாம். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய அரைமண்டியில், அதாவது பாதி அமர்ந்த நிலையில், நின்று, ஒரு காலைப் பின்புறமாக மடித்துக் குதிகால் பிட்டத்தை நோக்கி எழும்படி தூக்கி, முழுப் பாதமும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி தட்ட வேண்டும். முதல் தட்டடவில் வலமும் இடமும் ஒவ்வொரு முறை. அடுத்ததில் ஒவ்வொரு காலும் இரண்டு முறை. அதற்கடுத்ததில் மூன்று முறை. தெய்யா தெய் என்ற சொல்லுக்கு ஆடுவார்கள். பாணிக்குப் பாணி சிறு வேறுபாடுகள் உண்டு; உங்கள் ஆசிரியர் சொல்வதே உங்களுக்கு முறை.

கையில் படித்த பாடமே இங்கே காலில் திரும்ப வருகிறது. பாதம் தரையில் ஓங்கி விழும் ஓசையில் மயங்கி, காலை எடுக்க மறந்துவிடுவது புதியவர்களின் இயல்பு. காலைப் பிந்தி எடுத்தால் பிந்தித்தான் வைக்க முடியும். பிந்தியதை ஈடுகட்ட வேகமாக இறக்கினால் குதிகால் முதலில் பட்டு ஓசை இரண்டாக உடையும். ஒரு தட்டுக்கு "தப்" என்று ஓர் ஓசை மட்டும் கேட்டால் சரி. "த-தப்" என்று கேட்டால் கால் அவசரமாக இறங்கியிருக்கிறது. அதனால் தட்டுவதை மறந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த காலை எடுப்பதையே மனத்தில் வைத்து ஆடிப் பாருங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சில விஷயங்களும் உண்டு. சிமெண்டுத் தரையிலோ கிரானைட்டிலோ நெடுநேரம் தட்டாதீர்கள். மரத்தளமோ மண்தரையோ நல்லது, இல்லையென்றால் மென்மையாகத் தட்டுங்கள். முழங்கால் எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தத் திசையிலேயே பாத விரல்களும் நீள வேண்டும். பாதம் மட்டும் விரிந்து முழங்கால் முன்னே பார்த்தால் மூட்டு வலிக்கத் தொடங்கும். மூட்டு வலி ஏற்கெனவே உள்ளவர்கள் அரைமண்டியை விட்டுவிட்டு, நேராக நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ பாதத்தைத் தூக்கி வைத்துப் பழகலாம். தாளப் பயிற்சியாக அதில் குறைவு எதுவும் இல்லை.

ஆறாம் படி: மூன்றையும் ஒன்றாக

இப்போது கையில் ஆதி தாளம், வாயில் சொற்கட்டு, காலில் தட்டு. மூன்றையும் ஒரே நாளில் சேர்க்க முயலாமல் இரண்டிரண்டாகச் சேருங்கள்: கையும் வாயும் ஏற்கெனவே பழகிவிட்டன, அடுத்து வாயும் காலும், அதன்பின் கையும் காலும், கடைசியில் மூன்றும். கையும் காலும் சேரும்போதுதான் மனம் குழம்பும், ஏனெனில் கை எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு வடிவத்தைப் போடும்போது கால் இரண்டிலோ மூன்றிலோ தன் வடிவத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். அப்போது ஒன்றைத் தலைவனாகவும் மற்றதைத் தொண்டனாகவும் வையுங்கள். கை தலைவன், கால் தவறினால் நிறுத்த வேண்டாம், கை தவறினால் உடனே நிறுத்திச் சமத்திலிருந்து, அதாவது தாளத்தின் முதல் தட்டிலிருந்து, தொடங்குங்கள்.

நாட்டிய வகுப்பில் ஆசிரியர் தட்டுக்கழியால் மரப்பலகையில் தட்டிச் சொற்கட்டுச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேடையில் அதே பணியை நட்டுவாங்கத் தாளம் என்னும் சிறு உலோகத் தட்டுகளைக் கொண்டு, ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் செய்கிறார். அவர் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை மட்டும் தட்டிக்கொண்டிருப்பதில்லை. ஜதி என்னும் சொற்கட்டுத் தொடர் வரும்போது ஆடுபவரின் கால் எங்கெங்கே விழுகிறதோ அங்கெல்லாம் அவருடைய தாளமும் விழும். ஒருவரின் காலை இன்னொருவரின் கை ஓசையாக்குகிறது. அடுத்த முறை ஒரு நிகழ்ச்சிக்குப் போகும்போது ஆடுபவரின் முகத்தை விட்டுவிட்டு, அவருடைய பாதத்தையும் நட்டுவனாரின் கையையும் மாறி மாறிப் பாருங்கள். அலாரிப்பு இதற்கு மிகவும் ஏற்றது. அதில் பொருள் சொல்லும் பாட்டு இல்லை, சொற்கட்டும் உடம்பும் மட்டுமே. கண், கழுத்து, தோள் என்று சிறு அசைவுகளில் தொடங்கிக் கையும் காலும் முழு உடம்புமாக விரியும். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் ஒழுங்குபடுத்திய நிகழ்ச்சி வரிசையில் அலாரிப்புக்கே முதலிடம். பாட்டும் அபிநயமும் வருவதற்கு முன் தாளத்தோடு உடம்பு பழகியிருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது அந்த வரிசையில் நான் காணும் நியாயம்.

ஏழாம் படி: ஒரு சிறு தீர்மானம்

இதுவரை எழுத்துகள் தட்டோடு ஒத்துப்போயின. இனி ஒத்துப்போகாத ஒன்றைச் செய்து பார்க்கலாம்; மூன்று முறை சொல்லி முடித்துவைக்கும் இத்தகைய சொற்கோவைக்குத் தீர்மானம் என்று பெயர். ததிங்கிணதொம் என்பது ஐந்தெழுத்துச் சொல்: த, திங், கி, ண, தொம். இதை மூன்று முறை சொன்னால் 15. ஆதி தாளத்தின் பின்பாதியில், அதாவது இரண்டு திருதங்களில், மூன்றாம் காலக் கணக்கில் 16 எழுத்துக்கு இடம் இருக்கிறது. ஆகவே திருதத்தின் முதல் தட்டில் தா என்று ஓரெழுத்தைச் சொல்லிவிட்டு, ததிங்கிணதொம் ததிங்கிணதொம் ததிங்கிணதொம் என்று இடைவெளியில்லாமல் சொன்னால், அடுத்த எழுத்து நேராகச் சமத்தில் வந்து விழும்.

சொல்லும்போது கையின் கீழே எந்த எழுத்து விழுகிறது என்று பாருங்கள். முதல் தட்டில் தா. வீச்சில் முதல் ததிங்கிணதொம்மின் ண. அடுத்த தட்டில் இரண்டாவதன் கி. அடுத்த வீச்சில் மூன்றாவதன் திங். அதன்பின் சமம், அங்கே மறுபடி ததிங்கிணதொம் தொடங்கினால் த. ண, கி, திங், த என்று கை அந்தச் சொல்லைப் பின்னாலிருந்து முன்னாக ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக்கொண்டு வருகிறது. முதன்முதலில் இதைக் கண்டுகொண்ட அன்று நான் அரை மணி நேரம் வேறு எதையும் செய்யவில்லை.

இதில் தவறுகிறவர்கள் பெரும்பாலும் தட்டு விழும் எழுத்தை அழுத்திச் சொல்வதால்தான் தவறுகிறார்கள். அழுத்தம் சொல்லின் முதலெழுத்தில் இருக்கட்டும். தட்டு தன் போக்கில் விழட்டும். மெட்ரோனோம் 40இல் தொடங்கி, சமத்தில் சரியாக வந்து சேர்வது பத்து முறைக்குப் பத்து முறை நடந்தபின் வேகத்தைக் கூட்டுங்கள். பிறகு ததிங்கிணதொம் ஒவ்வொன்றின் முதலெழுத்துக்கும் பாதத்தைத் தட்டிப் பாருங்கள். கை நான்கிலும் கால் ஐந்திலும் போய்ச் சமத்தில் சந்திக்கும்.

கச்சேரியிலும் கும்மியிலும்

இவ்வளவு பழகியவர் கச்சேரியில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கலாம். ஆனால் பாட்டு எப்போதும் தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை. சமத்தில் தொடங்குவது சம எடுப்பு. தாளம் தொடங்கியபின் பாட்டு தொடங்கினால் அனாகத எடுப்பு. பாட்டு முந்திக்கொண்டால் அதீத எடுப்பு. அரை எண்ணிக்கையோ ஒன்றரை எண்ணிக்கையோ தள்ளி எடுக்கும் உருப்படிகள் ஏராளம். புதியவர்கள் இந்த அரையைக் கேட்டுத் திகைத்து, பாட்டின் முதலெழுத்தில் தட்டைப் போட்டுவிட்டுப் பாட்டு முழுதும் அரை எண்ணிக்கை தள்ளியே போட்டுக்கொண்டிருப்பார்கள். அரை இடம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும்: கை உச்சியில் இருக்கிறது. கை எழுந்து நிற்கும் இடத்தில் பாட்டு புறப்படுகிறது என்று எடுத்துக்கொண்டால் திகைப்புக்கு இடமில்லை. ஐயம் வந்தால் பாடகரின் தொடையைப் பாருங்கள். அது ஒன்றும் மரியாதைக் குறைவு அன்று, அவர் தாளம் போடுவதே பக்கவாத்தியக்காரர்களும் பார்க்கத்தான்.

பலரோடு சேர்ந்து அசையும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பறையாட்டத்தில் தாளம் போடத் தனியாக ஒருவர் இல்லை. தோளில் பறையை மாட்டி, ஒரு கையில் அடிகுச்சியும் மறுகையில் சிண்டுகுச்சியும் பிடித்து ஆடிக்கொண்டே அடிக்கிறவர்களின் காலடியே அத்தனை பேரையும் சேர்த்துப் பிடிக்கிறது. புதியவர் நேராக நுழையக் கும்மி எளிது. கும்மிப் பாட்டுகள் பெரும்பாலும் திஸ்ரத்தின் சாய்வு கொண்டவை. குனிந்து கொட்டி, நிமிர்ந்து கொட்டி, ஓரடி நகர்ந்து வட்டம் சுற்ற வேண்டும். வட்டத்தில் சேரும்போது நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு எதிரே நிற்காமல் அவருக்கு அடுத்து நில்லுங்கள். எதிரே நின்றால் அவருடைய வலம் உங்களுக்கு இடமாகத் தெரிந்து கால் குழம்பும். அவர் கைகொட்டுவதைப் பார்த்துக் கொட்டினால் ஒவ்வொரு முறையும் பிந்துவீர்கள். ஆகவே கையைப் பார்க்க வேண்டாம். கொட்டி முடித்து அவர் தோள் நிமிரத் தொடங்கும்போது நீங்களும் நிமிருங்கள்.